கிண்ணம் கழகத்துக்கு, சான்றிதழ் யாருக்கு?

பெருநாள் வந்தால் சாய்ந்தமருதில் மென்பந்துச் சுற்றுப்போட்டி இல்லாமல் இருக்காது. பௌசி மைதானம் நிறையும், பக்கத்து ஊர்க் கழகங்களும் வரும். எங்கட கழகங்கள் விளையாட்டை விடாமல் பிடித்து வைத்திருக்கின்றன, அதில் சந்தேகமே இல்லை. நாங்கள் கேட்பது வேறு. அஸர் தொழுதுவிட்டு மைதானத்துக்கு ஓடும் பதினைந்து, பதினாறு வயதுத் தம்பிமாருக்கு அந்த விளையாட்டு ஏதாவது ஒரு கதவைத் திறக்கிறதா?

கதவு இருக்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை முழுதாக வாசித்தவர்களுக்குத் தெரியும். படிப்பு அல்லாத துறைகளில் தேசிய, சர்வதேச மட்டத்தில் திறமை காட்டியவர்களுக்கு அதில் ஒரு விசேட அனுமதி வழி உண்டு. இடங்கள் கொஞ்சம்தான். மூன்று பாடத்திலும் குறைந்தது எஸ் சித்தி வேண்டும், பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளி வேண்டும். அது போக, யாழ்ப்பாணத்திலும் சப்ரகமுவவிலும் உடற்கல்விப் பட்டப்படிப்பு இருக்கிறது. அதற்குச் செயன்முறைப் பரீட்சையும் உண்டு. கலைப்பிரிவில் படித்துக்கொண்டே ஓடுகிற, பந்து வீசுகிற பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்த மேசையில் பெருநாள் கிண்ணத்தை வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. அங்கே கேட்பது சான்றிதழ். பள்ளிப் பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ் வருகிற நேர்வழி பாடசாலைப் போட்டிதான். கோட்டம், வலயம், மாகாணம், கடைசியில் அகில இலங்கை. எங்கட திறமையோ இந்த ஏணியில் ஏறாமல் கழகத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. நல்லா அடிக்கிற பொடியனைக் கழகம் 14 வயதிலேயே பிடித்துவிடுகிறது. மாகாணப் போட்டி நாளில் அவன் வேறு ஊரில் மென்பந்து இறுதியாட்டம் ஆடிக்கொண்டிருப்பான். பத்து வருடம் கழித்து அவனிடம் இருப்பது நாலு கழக டீசேர்ட்.

மென்பந்தை நாங்கள் குறை சொல்லவில்லை. லசித் மாலிங்க ரத்கமவில் மென்பந்து ஆடி வளர்ந்தவர்தான். அவருடைய பந்துவீச்சை முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் சம்பக்க ராமநாயக்க கண்டார். வித்யாலோகக் கல்லூரியில் படித்த பிள்ளை காலி மஹிந்தக் கல்லூரிக்கு மாறினார், கடினப்பந்து ஆடினார், 2004இல் டெஸ்ட் தொப்பி போட்டார். அதே மாதிரி விஜயகாந்த் வியாஸ்காந்த் யாழ் மத்திய கல்லூரிக்காகக் கடினப்பந்து வீசித்தான் 2020இல் எல்.பி.எல்லுக்கும் 2024இல் ஐ.பி.எல்லுக்கும் போனார். இரண்டு கதையிலும் நடுவில் ஒரு பாடசாலை அணி இருக்கிறது.

அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். அங்கே லக்ரோஸ் என்று ஒரு ஆட்டம், வலைபோட்ட கோலால் பந்தைப் பிடித்து எறிவது. பிள்ளைகள் காசு கட்டிக் கழகத்தில் சேர்வார்கள், பல்கலைக்கழகப் பயிற்றுவிப்பாளர்கள் ஆள் தேடி அந்தப் போட்டிகளுக்கு வருவார்கள். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடமே வாக்கு வாங்கும் அளவுக்குப் போனதால், பதினோராம் வகுப்பு செப்டெம்பர் 1க்கு முன்னால் அவர்களோடு பேசவே கூடாது என்று 2017இல் விதி கொண்டுவந்தார்கள். அங்கே துரத்துகிறவர்களைத் தடுக்க ஒரு விதி தேவைப்பட்டது. இங்கே எங்கட பிள்ளையைத் தேடி எந்தப் பல்கலைக்கழகமும் மைதானத்துக்கு வராது. அப்படியென்றால் அந்த வேலையைச் செய்யக்கூடிய ஆட்கள் கழகத்துக் காக்காமார்தான்.

கடினப்பந்துக்கு மட்டை, காலுறை, தலைக்கவசம், விரிப்பு எல்லாம் காசு என்று சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் ஓட்டத்துக்கும் உதைபந்துக்கும் அவ்வளவு தேவையில்லை. பொத்துவில் அஷ்ரப் இதே அம்பாறைக் கரையிலிருந்து போய்த்தான் இலங்கைக்காக ஓடினார். எல்லாரையும் கிரிக்கெட்டுக்குள் அடைக்காமல், வேகமாக ஓடுகிற பொடியனை ஓடவிடுவதும் கழகத்தின் வேலைதான்.

"விளையாட்டு சோறு போடுமா?" என்று உம்மா, வாப்பா கேட்பதிலும் நியாயம் இருக்கு. தேசிய மட்டம் எல்லாருக்கும் கிடைக்காது, எஸ் சித்தி இல்லாமல் எந்தச் சான்றிதழும் உதவாது. அதனால் ஏ.எல் வகுப்பை விட்டுவிட்டு விளையாடு என்று நாங்கள் யாருக்கும் சொல்ல மாட்டோம். எப்படியும் விளையாடத்தான் போகிறான் என்றால், கணக்கில் சேருகிற இடத்தில் விளையாடட்டும் என்றுதான் சொல்கிறோம்.

கழகங்களிடம் மூன்று விஷயம் கேட்கிறோம். 19 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பாடசாலைப் போட்டிக் காலத்தில் கழக ஆட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு திறந்து, கோட்டமட்டச் சான்றிதழிலிருந்து எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். உயர்தரப் பெறுபேறு வந்ததும் அந்தக் கைநூலை எடுத்துப் பிள்ளையோடும் வீட்டாரோடும் உட்கார்ந்து வாசியுங்கள்.

தங்கச்சிமாருக்கு எங்கட ஊரில் கழகமே இல்லை, அவர்களுக்கு இருப்பது பாடசாலை வலைப்பந்து அணி மட்டும்தான். இலங்கை வலைப்பந்து அணிக்கு ஆடிய தர்ஜினி சிவலிங்கம் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அந்தப் பாடசாலை அணிக்குப் பந்தும் பயிற்றுநரும் வாங்கிக் கொடுக்க, அடுத்த பெருநாள் சுற்றுப்போட்டியின் பரிசுப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்க எந்தக் கழகம் முன்வரும்?