முரட்டுப் பிள்ளை என்று முத்திரை குத்தாதீர்கள்!

"இந்தப் பையனை இனிமே அனுப்பாதீங்க" என்று பாலர் பள்ளியிலிருந்து சொல்லி விட்டால், தோட்டத்துத் தாய் என்ன செய்வாள்? பிரம்பை எடுப்பாள். அடி வாங்கிய பிள்ளை மறுநாள் பக்கத்துப் பிள்ளையை அடிக்கும். கற்றுக் கொடுத்தது நாம்தானே?

நாலைந்து வயதுப் பிள்ளைக்குக் கோபம் வரும். அதைச் சொல்ல வார்த்தை வராது. கை முந்திக்கொள்ளும். விடியுமுன் பெரட்டுக்குப் போகிறவர்கள் பிள்ளையை அரைத் தூக்கத்தில் எழுப்பி விட்டுப் போகிறோம். தூக்கமும் பசியும் அடமாக மாறுகின்றன. காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கும் "சொல் பேச்சு கேக்காதவன்" என்றே பெயர்! அரசாங்க கிளினிக்கில் ஒருமுறை காட்டுவோம்.

அழுதால் மிட்டாய், அமைதியாக இருந்தால் கவனிப்பே இல்லை என்றால் பிள்ளை அழத்தான் பழகும். நல்லது செய்யும்போதே, "கெட்டிக்காரன்! தம்பிக்கு விட்டுக் கொடுத்தியே" என்று தட்டிக் கொடுப்போம். வீட்டிலும் பள்ளியிலும் ஒரே கட்டுப்பாடு இருக்கட்டும்.

1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறையில் சேர்த்தது. ஆசிரியைகளை நாம் கேட்பது ஒன்றுதான்: அடங்காத பிள்ளைக்கே பள்ளி அதிகம் தேவை. அவனுக்கு வாசலை மூடாதீர்கள்!