விளையாட்டு எதற்கு என்று கேட்போருக்கு

உடற்பயிற்சி வேறு, அறிவுப் பயிற்சி வேறு என்பது நமது கல்விச் சிந்தனையில் வேரோடிவிட்ட ஒரு பொய்ம்மை. அதற்கு முதலிற் பலியாகின்றவர்கள் அறிவுசார் குறைபாடுடைய சிறுவர்களே. “எழுத்தே ஏறாத பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு?” என்று கேட்டு, விளையாட்டுப் பாடவேளையிலும் அவர்களை வகுப்பறையில் இருத்துவோர் உளர்.

இவ்வினாவுக்கான விடை மிகப் பழையது. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் எட்வார்ட் செகுவின், இத்தகைய சிறுவர்களின் கல்வியைத் தசைகளிலும் புலன்களிலுமிருந்தே தொடங்கினார். நடையும் கைப்பிடியும் செம்மையுற்ற பின்னரே எழுத்துக்கு வந்தார். 1958இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஒலிவர் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரங்கள் உடற்பயிற்சி பெற்ற சிறுவர்கள் நுண்மதிச் சோதனைகளிலும் முன்னேறியிருந்தனர்.

இதைக்கொண்டு, “ஓடினால் அறிவு பெருகும்” என முரசறைவோரும் பிழைபட்டோரே. அமெரிக்காவில் கோடர் என்பவர் 1966இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியில் ஈடுபடாது, பயிற்சி பெறுவோரின் பெறுபேறுகளைக் குறித்து உதவிய ஒரு குழுவும் இடம்பெற்றது. பயிற்சி பெற்றோர், எதிலும் சேர்க்கப்படாதோரை விஞ்சினர். ஆயின் உதவியாளர் குழுவைத் திட்டவட்டமாக விஞ்சினர் எனக் கூற முடியவில்லை. அவ்வாறாயின் அறிவைத் தூண்டியது தசையின் உழைப்பா, தம்மையும் ஒரு பொருட்டாக மதித்தனர் என்ற உணர்வா? எதுவாயினும் ஆகுக. இரண்டும் கிட்டியது, கதவைத் திறந்து அவர்களை உள்ளே அழைத்த பின்னரே அன்றோ!

இங்கு மற்றொரு வினாவை நாம் எழுப்பவேண்டும். புள்ளி உயர்ந்தாலே விளையாடலாம் என்று ஏனைய பிள்ளைகளுக்கு நாம் நிபந்தனை விதிக்கின்றோமா? இல்லையே! இவர்களிடம் மட்டும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நுண்மதிக் கணக்குக் கேட்பது எவ்வகை நீதி? அங்கவீனமுற்ற சிறுவர்களும் ஏனையோருடன் சமமாக விளையாட்டில், பாடசாலை விளையாட்டு உட்பட, பங்குபற்ற வழிசெய்ய வேண்டும் என்கிறது ஐக்கிய நாடுகளின் 2006ஆம் ஆண்டுச் சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை. இலங்கை அதனை 2016இல் ஏற்புறுதி செய்தது. 5 முதல் 17 வயது வரையான அங்கவீனமுற்ற சிறுவருக்கும் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020இல் விதந்துரைத்தது.

எனவே விளையாட்டு இச்சிறுவர்களுக்கு இடும் பிச்சையன்று. பாடத்தை முடித்தமைக்கான பரிசுமன்று. அது கல்வியின் ஒரு கூறு. அறிவு வளர்ந்தால் மகிழ்வோம். வளராவிடினும் மைதானம் அவர்களுக்கும் உரியதே.