மேற்கு மாம்பலத்தில் பழைய ஃப்ளாட்டை இடித்துக் கட்டினால் எவ்வளவு கார்பன்? பில்டரால் குறைக்க முடியுமா?

மேற்கு மாம்பலத்தில் ஆரிய கவுடா சாலையை விட்டு எந்தக் கிளைத் தெருவில் திரும்பினாலும் பச்சை வலை கட்டிய கட்டடம் ஒன்றாவது கண்ணில் படும். 1980-களிலும் 90-களிலும் எழுந்த மூன்று மாடி ஃப்ளாட்டுகள் இப்போது ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் லிஃப்ட் கிடையாது. 35 வயதில் வீடு வாங்கியவர்களுக்கு இன்று 75 வயது. மூன்றாவது மாடிக்குக் காய்கறிப் பையோடு ஏற முடியவில்லை. சாலை உயர்ந்து உயர்ந்து, மழை வந்தால் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் நிற்கிறது.

சட்டமும் இப்போது வழிவிட்டிருக்கிறது. முன்பு ஒரே ஒரு உரிமையாளர் 'முடியாது' என்றாலும் விஷயம் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, 2024-ல் நடைமுறைக்கு வந்த பிறகு, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே மறுகட்டுமானத்துக்குப் போகலாம்.

அசோசியேஷன் கூட்டங்களில் பேச்செல்லாம் யுடிஎஸ் எவ்வளவு, கூடுதலாக எத்தனை சதுர அடி, கட்டி முடிக்கும்வரை வாடகை யார் தருவது என்பதுதான். அது நியாயமும்கூட. ஆனால் அந்தப் பேச்சில் வராத ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கட்டுமான நிறுவனத்தின் கார்பன் உமிழ்வு பெரும்பாலும் முடிவாவது அந்த ஒப்பந்தத்தில்தான்.

சைட்டில் புகையே இல்லையே?

கட்டுமானத்தில் கார்பன் என்றதும் லாரி, ஜேசிபி, ஜெனரேட்டர் புகைதான் நினைவுக்கு வரும். அது சிறிய பங்கு. பெரிய பங்கு சைட்டுக்கு வருவதற்கு முன்பே, அரியலூர் மாதிரி ஊர்களில் இருக்கும் சிமென்ட் சூளைகளிலும் எஃகு ஆலைகளிலும் வெளியாகிவிடுகிறது.

சிமென்ட்டின் சிக்கல் எரிபொருள் மட்டுமல்ல, வேதியியலும்தான். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுமார் 1,450 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கித்தான் கிளிங்கர் செய்கிறார்கள். அந்தச் சூட்டில் 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லில் இருந்து 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு பிரிந்து போய்விடும். சூளையை முழுக்க சோலார் மின்சாரத்தில் ஓட்டினாலும் இந்த 44 கிலோ குறையாது. உலகின் மொத்த கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் சிமென்ட்டின் பங்கு 7 முதல் 8 சதவீதம் என்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஒரு மனைக்குக் கணக்குப் போட்டால்

உதாரணத்துக்கு ஐந்து கிரவுண்ட் மனை, அதாவது 12,000 சதுர அடி. உயர்மாடி அல்லாத கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ 2. ஆக 24,000 சதுர அடி கட்டலாம். ஸ்டில்ட் பார்க்கிங் மாதிரி கணக்கில் சேராத பரப்பு தனி.

சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமென்ட், 4 கிலோ கம்பி. இது பில்டர்கள் போடும் மனக்கணக்கு. அதன்படி 9,600 மூட்டை, அதாவது 480 டன் சிமென்ட்டும், 96 டன் கம்பியும் தேவை. ஓபிசி எனப்படும் சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட் ஒரு டன்னுக்குச் சுமார் 850 கிலோ உமிழ்வு என்று வைத்தால், சிமென்ட்டில் மட்டும் 400 டன்னுக்கு மேல் போகும். இந்தியாவில் எஃகு ஒரு டன்னுக்குச் சராசரியாக இரண்டரை டன். அதில் ஒரு 240 டன். இரண்டும் சேர்ந்து 650 டன்னை நெருங்குகிறது.

சைட்டில் 10,000 லிட்டர் டீசல் எரித்தாலும் அது 27 டன்தான். ஜெனரேட்டருக்குப் பதில் மின் இணைப்பு வாங்கியதையும் மொட்டை மாடியில் சோலார் பேனல் வைத்ததையும் காட்டி 'பசுமைக் கட்டடம்' என்று பிரோஷர் அடிப்பதில் தப்பில்லை. ஆனால் அந்த 650 டன் கிரகப்பிரவேசத்துக்கு முன்பே காற்றில் கலந்துவிடுகிறது. பேனல் அதைத் திரும்பக் கொண்டுவராது.

சிமென்ட்டை மாற்றினால்?

கிளிங்கரைக் குறைப்பதுதான் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். ஓபிசியில் ஏறத்தாழ 95 சதவீதம் கிளிங்கர். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட்டில் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்க இந்தியத் தரநிலை அனுமதிக்கிறது. மேலே சொன்ன கட்டடம் முழுக்க ஓபிசிக்குப் பதில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல் கலந்த பிபிசியில் எழுந்தால் சுமார் 120 டன் மிச்சம். ஏறக்குறைய 45,000 லிட்டர் டீசலை எரிக்காமல் விட்டதற்குச் சமம். சாம்பலுக்கு வெகுதூரம் போக வேண்டியதும் இல்லை. எண்ணூர், வல்லூர் பக்கம் அது குட்டைகளில் தேங்கி, கொசஸ்தலை ஆற்றைக் கெடுத்த கதை சென்னைக்குத் தெரிந்ததே.

'நாங்க ஏற்கெனவே பிபிசிதான் சார் போடுறோம்' என்று பில்டர் சொல்லலாம். பூச்சு வேலைக்கும் கட்டு வேலைக்கும் அது உண்மையாகவே இருக்கும். தூண், பீம், ஸ்லாப் ஆகியவற்றுக்கு மட்டும் பல இடங்களில் ஓபிசி 53 கிரேடு வந்துவிடும். காரணம் அவசரம். சாம்பல் கலந்த கான்கிரீட் மெதுவாகத்தான் வலு ஏறும். சென்ட்ரிங் பலகையைப் பிரிக்கச் சில நாள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். ஓபிசிக்கு 7 நாள் க்யூரிங் போதும் என்கிற ஐஎஸ் 456 விதி, கலப்பு சிமென்ட்டுக்கு 10 நாள் கேட்கிறது. பலகை வாடகையும் தண்ணீர் லாரி பில்லும் பில்டர் தலையில் ஏறும். பதிலுக்குக் கிடைப்பது சின்ன விஷயமில்லை. சரியாக க்யூரிங் செய்த சாம்பல் கான்கிரீட்டுக்குள் உப்பு எளிதில் இறங்காது, கம்பி துருப்பிடிப்பது தள்ளிப்போகும். கடற்கரை நகரத்தில் இன்று பழைய ஃப்ளாட்டுகளின் பால்கனி பெயர்ந்து விழுவதே துருவால்தானே?

ரெடிமிக்ஸ் வாங்கினால் கேள்வியைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். சாம்பலை ஆலையிலேயே கலக்கிறார்கள் என்பதால், ஒரு கனமீட்டருக்கு எத்தனை கிலோ ஓபிசி, எத்தனை கிலோ சாம்பல் என்று மிக்ஸ் டிசைன் தாளில் இருக்கும். அதைக் கேட்டு வாங்கலாம். இரும்பு ஆலைக் கசடு கலந்த சிமென்ட்டும் நல்லதுதான். ஆனால் கசடு ஏற்கெனவே பெருமளவு விற்றுத் தீர்கிற பொருள். ஒரு பில்டர் கூடுதலாக எடுத்தால் இன்னொருவருக்குக் குறையும், அவ்வளவுதான்.

அடுத்தது எல்சி3. சுட்ட களிமண், அரைத்த சுண்ணாம்புக்கல் சேர்த்து, கிளிங்கரைப் பாதியாக்கும் சிமென்ட் இது. ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்கள் இதில் ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். 2023-ல் ஐஎஸ் 18189 என்ற தரநிலையும் வந்துவிட்டது. ஆனால் தெருமுனைக் கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு இன்னும் பரவவில்லை.

கம்பியும் காயலான் கடையும்

எஃகில் விஷயம் வேறு. நிலக்கரியில் இரும்புத் தாதுவை உருக்கிச் செய்த கம்பிக்கும், பழைய இரும்பை மின்உலையில் உருக்கிச் செய்த கம்பிக்கும் உமிழ்வில் பெரிய இடைவெளி உண்டு. மத்திய எஃகு அமைச்சகம் 2024 டிசம்பரில் பசுமை எஃகுக்கு இலக்கணம் வகுத்தது. ஒரு டன்னுக்கு 2.2 டன்னுக்குக் கீழ் என்றால் நட்சத்திரம் கிடைக்கும், 1.6-க்குக் கீழ் போனால் ஐந்து நட்சத்திரம். சப்ளையரிடம் அந்தச் சான்று கேட்கலாம்.

சென்னை இதில் ஒரு நல்ல பழக்கத்தை ஏற்கெனவே வைத்திருக்கிறது. இடிக்கும் கான்ட்ராக்டர் பழைய கம்பி, தேக்குக் கதவு, ஜன்னல் கிரில் எல்லாவற்றையும் விலைபேசி எடுத்துப் போகிறார். கம்பி காயலான் கடை வழியாக உலைக்கே திரும்புகிறது. யாரும் எடுக்காதது கான்கிரீட்டும் செங்கலும்தான். அதற்காகப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மாநகராட்சி இடிபாட்டுக் கழிவு மறுசுழற்சி ஆலைகள் அமைத்திருக்கிறது. அங்கே போகாமல் ராத்திரியோடு ராத்திரியாக ஏதாவது ஏரிக்கரையில் கொட்டப்படும் லோடுதான் பிரச்சினை.

விதி எங்கே தொடங்குகிறது?

பெரிய நிறுவனங்கள் மேல் ஓரளவு அழுத்தம் இருக்கிறது. பங்குச் சந்தையில் முதல் 1,000 இடங்களில் இருக்கும் நிறுவனங்கள் 2022-23 முதல் சுற்றுச்சூழல் விவரங்களை செபிக்கு வெளியிட வேண்டும். மணப்பாக்கத்தில் கட்டுமானப் பிரிவை வைத்திருக்கும் எல் அண்ட் டி, 2040-க்குள் கார்பன் நடுநிலை என்று அறிவித்திருக்கிறது. சென்னை காலநிலை செயல்திட்டம் மாநகரம் முழுக்க 2050-ஐ இலக்காக வைத்திருக்கிறது.

மேற்கு மாம்பலத்து பில்டர் இந்த வலைக்குள் வரவே மாட்டார். சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படுவது 20,000 சதுர மீட்டரில் இருந்துதான். கட்டட இடிபாட்டுக் கழிவுக்காக மத்திய அரசு 2025-ல் அறிவித்து, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று சொன்ன புதிய விதிகளின் மறுசுழற்சிப் பொறுப்பும் அதே 20,000-ல்தான் தொடங்குகிறது. நம் உதாரணக் கட்டடம் சுமார் 2,230 சதுர மீட்டர்தான். அப்படி ஒன்பது கட்டடம் அடுத்தடுத்த தெருக்களில் எழுந்தால், மொத்தப் பரப்பு ஒரு பெரிய டவருக்குச் சமம். ஆனால் கேள்வி கேட்க விதி இல்லை.

மிச்சம் இருப்பது உரிமையாளர்கள்தான். நிலம் அவர்களுடையது, ஸ்பெசிஃபிகேஷன் பக்கத்தில் டைல்ஸ் பிராண்டு வரை எழுதி வாங்குகிறவர்கள் அவர்கள். அதே பக்கத்தில் ஸ்ட்ரக்சருக்கு எந்த சிமென்ட், இடிபாட்டை எந்த ஆலைக்கு அனுப்பிய ரசீது, க்யூரிங் எத்தனை நாள் என்று நான்கு வரி சேர்க்க யாரும் தடுக்கப் போவதில்லை. பேஸ்மென்ட் பார்க்கிங் வேண்டாம் என்பதும் ஒரு வரிதான். தண்ணீர் தேங்கும் பகுதியில் பூமிக்கடியில் எழுப்பும் தடுப்புச் சுவருக்கும் அடித்தளத்துக்கும் கான்கிரீட் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முந்தைய கேள்வி, இடித்தே ஆகணுமா என்பது. ஸ்ட்ரக்சுரல் ஆடிட் செய்து, துருப்பிடித்த இடங்களைச் சரிசெய்து, வெளிப்புறமாக ஒரு லிஃப்ட் சேர்த்தால் போதும் என்ற நிலையில் சில கட்டடங்கள் இருக்கும். இதை பில்டர் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது; கூடுதல் ஃப்ளாட்டில்தான் அவருக்கு வருமானம். ஆடிட்டுக்குப் பொறியாளரை அசோசியேஷன்தான் தன் செலவில் அழைக்க வேண்டும்.

கையெழுத்தான பிறகும் சரிபார்க்க எளிய வழி உண்டு. சைட்டில் அடுக்கியிருக்கும் மூட்டைகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஐஎஸ் 269 என்று அச்சிட்டிருந்தால் ஓபிசி, ஐஎஸ் 1489 என்றால் சாம்பல் கலந்தது, ஐஎஸ் 455 என்றால் கசடு கலந்தது.