நடக்கிறவனுக்குப் பாதை எங்கே?

விருதுநகரிலிருந்து சாத்தூர் போகும் நான்குவழிச் சாலையில் சூலக்கரை மேட்டில் நின்று பாருங்கள். கன்னியாகுமரி போகிற கார்கள் காற்றாய்ப் பறக்கின்றன. அந்தப் பிரயாணிகளின் பணம் எட்டூர்வட்டம் சுங்கச்சாவடியில் இறங்குகிறது. பெரிய ஓட்டல்களில் இறங்குகிறது. பக்கத்துக் கரிசல் கிராமங்களில் இறங்குவதில்லை.

இதே வழியில் நடந்து வருகிறவர்களும் உண்டு. ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் பாதயாத்திரை போகும் கூட்டம் எத்தனை பெரியது என்பது இந்த ஜில்லாவாசிகளுக்குத் தெரியும். மில் தொழிலாளி, பட்டாசுத் தொழிலாளி, கூலி விவசாயி, எல்லோரும் அதில் இருக்கிறார்கள். காரில் போகிறவன் நிற்கமாட்டான். நடக்கிறவன் நிற்பான். மோர் குடிப்பான், வெள்ளரிக்காயும் சேவும் வாங்குவான். அந்தப் பத்து ரூபாய் தரகன் கைக்குப் போகாமல் நேரே கூழ் விற்கும் தாய்மாரின் முந்தானையில் விழுகிறது.

ஆனால் நடக்கிறவன் எங்கே நடக்கிறான்? லாரிச் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, இருட்டில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறான்.

நமக்குப் பாதை இல்லாமலா போயிற்று? கண்மாய்க்கரை, ஓடைக்கரை, வண்டிப்பாதை என்று ஊருக்கு ஊர் வழி இருந்தது. கிராம நிர்வாக அதிகாரியிடம் இருக்கும் புலப்படத்தில் பல வழிகள் இன்றைக்கும் இருக்கின்றன. தரையில்தான் காணோம்! பாதியைச் சீமைக்கருவேல் அடைத்தது. மீதியைப் பிளாட் போட்டவனும் வேலி போட்டவனும் விழுங்கினார்கள். மிஞ்சியதில் ஒரு மழை பெய்தால் கரிசல் மண் காலைக் கவ்விக்கொள்கிறது.

“எல்லோரும் மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டார்கள், இனி யார் நடக்கிறார்கள்?” என்று கேட்கும் கனவான்கள் உண்டு. களையெடுக்கப் போகும் பெண் நடக்கிறாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை நடக்கிறது. மயானத்துக்குப் பாதை கிடைக்காமல் பயிருக்குள் பிணத்தைச் சுமந்து போகும் தாழ்த்தப்பட்ட மக்கள் நடக்கிறார்கள். பட்டாசு ஆலை குடியிருப்பை விட்டு விலகி இருக்கவேண்டும் என்பது விதி. வெடி விபத்து நடந்தால் தொழிலாளி தப்பி ஓடவும் ஆம்புலன்ஸ் உள்ளே வரவும் அந்தக் காட்டுப் பாதைதான் கதி. எனவே பாதை வேண்டும் என்பது விருந்தாளிக்காக மட்டும் கேட்பதல்ல; முதலில் வீட்டுக்காரனுக்காகக் கேட்பது.

பாதை எங்கும் தானமாகக் கிடைத்ததில்லை. 1924-இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே சத்தியாக்கிரகம் செய்யவேண்டியிருந்தது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் மில் நகரத்துத் தொழிலாளிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்று வாங்கக்கூட இடமில்லை. பிரபுக்கள் பறவை வேட்டைக்காக மலைகளை அடைத்து வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24-ஆம் தேதி, பென்னி ராத்மன் என்ற இருபது வயது கம்யூனிஸ்ட் வாலிபரின் தலைமையில் நூற்றுக்கணக்கானோர் தடையை மீறிக் கிண்டர் மலை ஏறினார்கள். ஐந்து பேர் சிறை சென்றார்கள். 1949-இல் நடைபாதைகளுக்குச் சட்டம் வந்தது. 1965-இல் அந்த மலைத்தொடர் நெடுகச் சுமார் 430 கிலோமீட்டர் நடைவழி திறந்தது. இன்று அங்கே நடக்க வருகிறவர்களால் வழியோரக் கிராமங்களில் கடையும் விடுதியும் பிழைக்கின்றன.

நம் நாட்டிலும் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. புறம்போக்கு ஆக்கிரமிப்பை அகற்ற 1905-ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது. நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவில் அடங்கிய உரிமை என்று 2025 மே மாதம் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதை அமுல் நடத்தும் மனம்தான் சர்க்காரிடம் இல்லை.

ஆகவே நாம் கேட்பது இதுதான்:

1. புலப்படத்தில் உள்ள பாதைகளை அளந்து, கல் நட்டு, ஆக்கிரமிப்பை அகற்று!

2. சீமைக்கருவேலை வெட்டிச் சரளை போடும் வேலையை உள்ளூர் விவசாயத் தொழிலாளருக்கே சட்டக் கூலியுடன் கொடு!

3. இருக்கன்குடி வழியில் சாலையை விட்டுத் தனி நடைபாதை, விளக்கு, குடிநீர், பெண்களுக்குக் கழிப்பிடம் அமை!

4. வழியோரக் கடைகளைக் குத்தகைக்காரனிடம் விடாதே; கிராமப் பெண்களின் குழுக்களுக்குக் கொடு!

மே தினத்தன்றும் கிராம சபை கூடுகிறது. தோழர்களே, கொடியேற்றிய கையோடு அங்கே செல்லுங்கள். உங்கள் ஊர்ப் புலப்படத்தை மேஜைமேல் விரிக்கச் சொல்லுங்கள். காணாமற்போன பாதைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். தீர்மானம் எழுதாமல் எழுந்திருக்காதீர்கள்!