தண்ணீர் மூன்று லிட்டர்

மலையேறப் போகும் எந்தக் குழுவும் முந்தைய வாரமே ஒரு பட்டியல் அனுப்பிவிடும். ஒரு பகல் நடைக்கு என்னென்ன எடுத்து வர வேண்டும் என்ற பட்டியல். தண்ணீர் மூன்று லிட்டர். பிடிமானமுள்ள ஷூ. தொப்பி. மதியச் சாப்பாடு. கடலை மிட்டாய், பேரீச்சம்பழம். டார்ச். மழைக்கோட்டு. விசில். ஓ.ஆர்.எஸ். பொட்டலம். பஞ்சு, பிளாஸ்டர். இவற்றில் ஒன்றைக்கூட வேண்டாமென்று சொல்ல மாட்டேன். என் சண்டை பட்டியலில் இல்லாதவற்றைப் பற்றியது.

2016 ஜனவரியில் குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறினோம். பதினெட்டுப் பேரில் ஐந்து பெண்கள். போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்பில் போய், விடியும்போது நடக்கத் தொடங்கினோம். அந்தப் பாதையில் போனவர்களுக்குத் தெரியும்: கீழே கொஞ்ச தூரம் மரநிழல், மேலே போகப் போகப் புல்லும் பாறையும். கண்ணுக்கு எட்டும்வரை திறந்த சரிவு. படம் எடுக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒதுங்குவதற்கு அதைவிட மோசமான இடமும் கிடையாது. ஆண்கள் பாதையைவிட்டு நாலடி தள்ளிப் போய்த் திரும்பி நின்றார்கள், தோள் பையைக்கூட இறக்காமல். நாங்கள் ஐந்து பேரும் தண்ணீர் குடிக்காமல் இருந்தோம். அப்படி இருக்கலாம் என்று பேசி முடிவெடுக்கவில்லை. ஒவ்வொருத்தியும் தனக்குத்தானே முடிவெடுத்திருந்தாள்.

மூன்று லிட்டர் தண்ணீர் என்றால் மூன்று கிலோ. அதைச் சுமந்து ஏறிய நான் மதியம்வரை குடித்தது அரை லிட்டர்கூட இருக்காது. பன்னிரண்டு மணிக்குத் தலைவலி வந்தது. பிறகு கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கண் இருட்டி ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். குழுவை அழைத்துப் போனவர் நல்ல மனிதர். என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, “லேடீஸுக்கு ஸ்டாமினா கொஞ்சம் கம்மிதான், பரவாயில்லை, மெதுவா வாங்க” என்றார். பை ஏன் இன்னும் அவ்வளவு கனக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஊருக்கு வந்து பத்து நாள் சிறுநீர்த் தொற்றோடு கிடந்தேன்.

இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர், “அது உன்னுடைய கூச்சம். கூச்சத்தை விட்டால் தீர்ந்தது” என்றார். என் ஒருத்தியின் கூச்சம் என்றால் ஐந்து பேரும் ஏன் குடிக்காமல் வந்தோம்? துணிக்கடையில் பத்து மணிநேரம் நிற்கும் பெண் ஏன் காலையிலிருந்து ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொள்கிறாள்? கழிப்பறைக் கதவு உடைந்த பள்ளியின் மாணவி ஏன் பாட்டிலை நிறைத்தபடியே வீட்டுக்குக் கொண்டுவருகிறாள்? கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் சேர்ந்து கேட்ட உரிமைகளில் கழிப்பறையும் ஒன்று. உட்காரும் உரிமைக்கும் போராடினார்கள். 2018-இல் கேரளமும், 2021-இல் தமிழ்நாடும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தரும் சட்டத் திருத்தங்களைக் கொண்டுவந்தன. கூச்சத்தை விடுவதாலா அவை வந்தன? கேட்டதால் வந்தன. கடையில் கேட்டதை மலையில் கேட்க எனக்கு ஏன் வாய் வரவில்லை? மலைக்கு வந்ததே ஒரு சலுகை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அனுமதி வாங்கி, லீவு கேட்டு, இரண்டு வேளைக்குச் சமைத்து வைத்துவிட்டு வந்தவள், மேலே வந்து இன்னொன்றைக் கேட்பதா?

மாதவிடாய் என்றால் பட்டியல் இன்னும் ஊமையாகிவிடும். “அந்த நாட்களில் காட்டுக்குள் வர வேண்டாம், ரத்த வாடைக்கு மிருகம் வரும்” என்று ஒரு வழிகாட்டி எங்களிடம் சொன்னார். அக்கறையோடுதான் சொன்னார். இதே பேச்சுக்கு அமெரிக்காவிலும் ஒரு கதை உண்டு. 1967 ஆகஸ்டில், கிளேசியர் தேசியப் பூங்காவில் ஒரே இரவில், வெவ்வேறு இடங்களில் இரண்டு இளம்பெண்களைக் கரடிகள் கொன்றன. மாதவிடாய்தான் கரடியை இழுத்ததோ என்ற ஊகம் கிளம்பி, பல ஆண்டுகள் எச்சரிக்கையாகவே உலவியது. ஆனால் அந்தக் கோடையில் அங்கே நடந்துகொண்டிருந்தது வேறு. விருந்தினர் விடுதியில் மிஞ்சிய உணவைக் கொட்டினார்கள். கரடிகள் அதைத் தின்ன வந்தன, அதை வேடிக்கை பார்க்க ஆட்கள் கூடினார்கள். மனிதர்களின் உணவுக்குக் கரடிகள் பழகியிருந்தன. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் குப்பைக்கும் உணவுக்கும் கடுமையான விதிகள் வந்தன. பின்னாளில் கருங்கரடிகளை வைத்துச் செய்த ஆய்வில், அவை மாதவிடாய் வாடையைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவே இல்லை. குப்பையைக் கொட்டியது நிர்வாகம், பழி விழுந்தது பெண்ணின் ரத்தத்தின்மேல்.

நமக்கும் ஓர் அனுபவம் உண்டு. நான் ஏறிய அதே குரங்கணி மலையில், 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் இளம்பெண்கள். செய்தி வந்த இரவு எங்கள் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, “பொம்பளைப் பிள்ளைகளுக்கு மலையில் என்ன வேலை?” என்பது. மார்ச் மாதம் காய்ந்து கிடக்கும் புல்மலைக்குள் யாரை யார் எப்படி விட்டார்கள், தீ வந்தால் வெளியேற வழி என்ன என்பதெல்லாம் அடுத்தடுத்த நாட்களில்தான் பேசப்பட்டன. இறந்த ஆண்களைப் பார்த்து அவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

பெண்களுக்கென்று தனிப் பட்டியல்கள் இல்லாமல் இல்லை. மிளகு ஸ்பிரே. பின்னூசி. இருக்குமிடத்தை வீட்டுக்குக் காட்டிக்கொண்டிருக்கும் போன், அது அணையாமலிருக்க பவர் பேங்க். சன்ஸ்கிரீன், லிப் பாம். இவற்றில் பாதி, கூட நடந்து வரும் ஆண்களிடமிருந்தும் வழியில் எதிர்ப்படும் ஆண்களிடமிருந்தும் தற்காத்துக்கொள்ள. அவர்களால் வரும் ஆபத்துக்கான எடையும் நம் பையில்தான் ஏறுகிறது. ஒண்ணுக்குப் போவது பற்றி அந்தப் பட்டியல்களிலும் ஒரு சொல் இல்லை.

தொற்றெல்லாம் தீர்ந்த பிறகு, போடியிலிருக்கும் பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். பெரியம்மா இருபது வருடம் விடிகாலை ஜீப்பில் போடிமெட்டு ஏறி, இடுக்கிப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு இருட்டும்போது வீடு திரும்பியவர்.

“ஏண்டி, தண்ணி குடிக்காமலா மலை ஏறுன? கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு?”

“மறைவே இல்ல பெரியம்மா.”

“மறைவு என்ன தானா முளைக்குமா? நாமதான் உண்டாக்கணும். ஆளுக்கொரு பக்கமா நாங்க போனதே இல்ல. நாலு பேரா போவோம். ரெண்டு பேரு சேலைய விரிச்சுப் பிடிச்சா ஒருத்தி உட்கார்ந்து எந்திரிச்சிருவா. கங்காணி கத்துனா கத்திட்டுப் போறான்.”

அவருடைய வயர்கூடையில் என்ன இருக்கும் என்று கேட்டேன். தூக்குச்சட்டியில் சோறு. தண்ணீர். மழைக்குப் போர்த்திக்கொள்ள பிளாஸ்டிக் தாள். அட்டைப்பூச்சிக்கு ஒரு துணி முடிச்சில் உப்பும் புகையிலைத் தூளும். ஒரு பழைய சேலை. அந்தச் சேலைதான் மறைப்பு, தலைக்குச் சும்மாடு, திடீரென்று தீட்டு வந்தால் கிழித்துக்கொள்ளத் துணி.

இதைப் பாட்டி வைத்தியம்போல மெச்சிவிட்டு நகர எனக்கு மனமில்லை. தோட்டங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பிடம் இருக்க வேண்டும் என்று 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. பெரியம்மா கண்டது சேலையைத்தான். முதலாளி செய்யாததைப் பெண்கள் கைகோத்துச் செய்துகொண்டார்கள். ஆனாலும் எனக்கு உறைத்தது ஒன்று. அவர்கள் நாலு பேராகப் போனார்கள். நாங்கள் ஐந்து பேர் இருந்தும் ஒவ்வொருத்தியும் தனியாக அடக்கிக்கொண்டு நடந்தோம்.

இப்போது நான் எடுத்துப் போவது இது. வழக்கமான பட்டியல் முழுவதும், அதோடு: ஒரு பெரிய பருத்தித் துப்பட்டா. துடைத்துக்கொள்ள ஒரு சிறு துணி, அதைப் போட்டு மூட ஒரு பை. எனக்குத் தேவையோ இல்லையோ, யாருக்காவது உதவும் என்று நான்கு நாப்கின், மாற்று உள்ளாடை. பயன்படுத்தியதைத் திரும்பக் கொண்டுவர பழைய செய்தித்தாளும் ஜிப் வைத்த கவர்களும். நாப்கினில் பிளாஸ்டிக் இருக்கிறது, அதைக் காட்டில் புதைக்கக் கூடாது, ஈரத் துடைப்பான்களையும்தான். கப் பழகியவர்களுக்குக் கை கழுவத் தனியாக ஒரு பாட்டில் தண்ணீர். மலம் கழிக்க நேர்ந்தால் குழி தோண்ட ஒரு சிறு களைக்கொத்து. குழி அரையடி ஆழமாவது வேண்டும், ஓடையிலிருந்து இருநூறு அடி தள்ளி. உண்மையான பாக்கெட் உள்ள பேண்ட். முதுகு நீளம் என் உடம்புக்குப் பொருந்தி, எடை இடுப்பில் உட்காரும் பை; கடையில் ஆணுக்கான அளவை நீட்டினால், போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

“சமத்துவம் கேட்கிறீர்கள், பிறகு தனிச் சலுகையும் கேட்கிறீர்களே” என்பவர்களுக்கு: இதைப் பெண்களுக்கான இணைப்பாக அச்சிட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். பொதுப் பட்டியலில், டார்ச்சுக்கும் விசிலுக்கும் நடுவே போடுங்கள். ஆண்களும் படிக்கட்டும். களைக்கொத்தும் நாப்கினும் முதலுதவிப் பெட்டிபோலக் குழுவின் பொதுச் சுமையில் போகட்டும், ஆண்களும் தூக்கட்டும். கிளம்பும்போதே குழுத் தலைவர் சத்தமாகச் சொல்லட்டும்: “ஒன்றரை மணிநேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் நிற்போம். முன்னால் போகிறவர்கள் முன்னாலேயே இருங்கள், திரும்பி வராதீர்கள். பின்பக்கம் பெண்களுக்கு.” இதற்குக் காசு ஆகாது. ஒரு கிராம் எடையும் கூடாது.

சென்ற டிசம்பரில் ஒரு குழுவோடு போனபோது, பட்டியல் வந்ததும் இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். அமைப்பாளரிடமிருந்து பதில் இல்லை. ஆனால் அன்று காலை வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த கல்லூரிப் பெண் தன் பையைத் திறந்து காட்டினாள். மேலாக ஒரு பழைய சேலை மடித்து வைத்திருந்தாள். “அம்மாவோடது அக்கா. நீங்க ஒரு பக்கம் பிடிங்க” என்றாள். அன்று மாலை இறங்கும்போது என் மூன்று லிட்டரும் காலியாகியிருந்தது.