பிள்ளைகளின் எடை: செயலிக்குப் பின்னால் மருத்துவர் வேண்டும்

வளரிளம் பருவத்தினர் எடையைக் குறைக்க உதவுவதாகச் சொல்லும் செயலிகள் கைப்பேசியில் ஏராளமாகக் கிடைக்கின்றன. உயரம், எடை, வயது, எத்தனை கிலோ குறைய வேண்டும் என்ற நான்கு கேள்விகளுக்குப் பதில் தட்டினால் அன்றைக்கே உணவுத் திட்டம் வந்துவிடும். பதினான்கு வயதுப் பெண் தன் வயதைப் பத்தொன்பது என்று போட்டாலும் பெரும்பாலும் கேள்வி கேட்க ஆளில்லை. இந்தக் கருவிகளால் பயன் உண்டு. ஆனால், 18 வயது நிறையாதவர்களுக்கு எடைக் குறைப்புத் திட்டம் தரும் எந்தச் செயலியும் ஒரு மருத்துவரின் பொறுப்பில், பெற்றோருக்குத் தெரிந்தே இயங்க வேண்டும். அரசு இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

பிரச்சினை சிறியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022-இல் 5 முதல் 19 வயது வரையிலானவர்களில் 39 கோடிக்கும் அதிகமானோர் கூடுதல் எடையுடன் இருந்தனர்; அவர்களில் 16 கோடிப் பேருக்கு உடல் பருமன். இந்தியாவில் இந்த வயதினரில் உடல் பருமன் உள்ளவர்கள் சுமார் 1.25 கோடி. பள்ளி விட்டதும் டியூஷன், விளையாட இடமில்லாத தெரு, பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பாக்கெட் தீனி, நள்ளிரவு தாண்டியும் அணையாத கைப்பேசி எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை இது. கல்யாண வீட்டில் “என்ன, இப்படி ஊதிட்டே?” என்று உறவினர் கேட்டதைச் சகித்துக்கொண்டு வந்த பிள்ளை, அன்றிரவு யாரிடமும் சொல்லாமல் ஒரு செயலியைத் தேடுவதில் வியப்பில்லை. கேலி செய்யாத ஒன்றிடம் உதவி கேட்கத்தான் தோன்றும்.

அந்தச் செயலி பெரும்பாலும் பெரியவர்களுக்காக எழுதப்பட்டது என்பதில்தான் முதல் சிக்கல் தொடங்குகிறது. பெரியவர்களின் உயரம் மாறாது. எடை கூடினால் கூடியதுதான். வளரும் உடலின் கணக்கு வேறு. 12 வயதில் 145 சென்டிமீட்டர் உயரமும் 50 கிலோ எடையும் உள்ள ஒரு சிறுவனை எடுத்துக்கொண்டால், அவனுடைய உடல் நிறைக் குறியீட்டெண் (பிஎம்ஐ) 23.8. இரண்டு ஆண்டில் அவன் 160 சென்டிமீட்டர் உயரத்துக்கு வளர்ந்து 54 கிலோ ஆனால், எடை நான்கு கிலோ கூடியிருக்கிறது, குறியீட்டெண்ணோ 21.1-க்கு இறங்கிவிட்டது. அவன் நல்ல திசையில் போகிறான். எடைத் தராசை மட்டும் பார்க்கும் செயலி அவனைத் தோற்றவன் என்றே காட்டும். பூப்பெய்தும் வயதில் பெண்பிள்ளைகளின் உடலில் கொழுப்பு சற்றுக் கூடுவதும் இயல்பான வளர்ச்சியே. இதனால்தான் குழந்தை மருத்துவர்கள் வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி வரைபடத்தில் குறியீட்டெண்ணைக் குறித்துப் பார்க்கிறார்கள். இந்தியக் குழந்தைகளுக்கென்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-இல் திருத்தி வெளியிட்ட வரைபடங்கள் இருக்கின்றன. பல பிள்ளைகளுக்கு எடையைக் குறைக்கவே தேவையில்லை. உயரம் எட்டிப் பிடிக்கும்வரை எடை ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இந்தத் துறையில் எல்லோரும் பாடம் படிக்க வேண்டிய நிகழ்வு அமெரிக்காவில் நடந்தது. ‘வெயிட் வாட்சர்ஸ்’ என்ற பெயரில் அறியப்பட்ட டபிள்யூ.டபிள்யூ. நிறுவனம், 8 முதல் 17 வயது வரையிலானவர்களுக்காக ‘கர்போ’ என்ற செயலியை 2019 ஆகஸ்டில் வெளியிட்டது. உணவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று போக்குவரத்து விளக்கைப்போல் பிரித்துக் காட்டுவது அதன் முறை. இந்த முறை புதிதன்று. குழந்தைகளின் உடல் பருமன் சிகிச்சையில் அமெரிக்க ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கையாண்டது. அங்கே அந்த வண்ணங்களோடு பெற்றோரும் பயிற்றுநர்களும் கூடவே இருந்தார்கள். குடும்பமே சேர்ந்து உணவை மாற்றிக்கொண்டது. செயலியிலோ வண்ணங்கள் இலவசம். ஆள் வேண்டுமென்றால் மாதம் 69 டாலர். எட்டு வயதுக் குழந்தை தனியாக உட்கார்ந்து தான் தின்றதற்குச் சிவப்புக் குறி வாங்கும் நிலை வந்தது. உணவுக் கோளாறு நோய்களுக்குச் சிகிச்சை தரும் வல்லுநர்கள் அப்போதே எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

2022 மார்ச்சில் அந்த விவகாரம் வேறு வழியில் வெளிவந்தது. 13 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் விவரங்களைப் பெற்றோரின் ஒப்புதலின்றித் திரட்டியதாக அமெரிக்க அரசின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. வயதைக் கூட்டிச் சொல்லி நுழைந்துவிட்டு, பிறகு உண்மையான பிறந்த தேதியைப் போட்டவர்களின் கணக்குகளும் தொடர்ந்து இயங்கின என்பது அதில் ஒரு பகுதி. நிறுவனம் 15 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அப்படித் திரட்டிய விவரங்களை அழிப்பதோடு, அவற்றைக் கொண்டு உருவாக்கிய கணிப்பு முறைகளையும் அழிக்க வேண்டியதாயிற்று. ஒரு குழந்தையின் எடையும் அது தின்னும் தின்பண்டமும் வியாபாரச் சரக்காக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பயனையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல், உடல் பருமனுள்ள பிள்ளைகளுக்கு 3 முதல் 12 மாதங்களுக்குள் குறைந்தது 26 மணி நேரம் நேரடி ஆலோசனை தேவை என்கிறது. கம்பத்தில் வசிக்கும் ஒரு குடும்பம் இதற்காக மாதம் இருமுறை மதுரைக்குப் போய்வருவதென்றால் ஒரு நாள் கூலி போகும். பிள்ளைக்குப் பள்ளி போகும். இடையிடையே காணொளியில் மருத்துவரைப் பார்க்க முடிந்தால், நடந்த தூரத்தையும் தூங்கிய நேரத்தையும் குடித்த குளிர்பானத்தையும் பிள்ளையே குறித்து அனுப்ப முடிந்தால், அது பெரிய உதவி. தன் பழக்கத்தைத் தானே குறித்துவைப்பது அதை மாற்றத் துணைசெய்யும் என்பது நீண்டநாள் அனுபவம்.

ஆனால் எதைக் குறிப்பது என்பதில் கவனம் தேவை. கலோரிக் கணக்குச் செயலியில் ‘தோசை’ என்று தேடினால் ஓர் எண் வரும். அம்மா வார்க்கும் தோசையில் எத்தனை கரண்டி மாவு, எவ்வளவு நல்லெண்ணெய் என்று அதற்குத் தெரியாது. பிஸ்கட் பாக்கெட்டின் பட்டைக்குறியீட்டைக் காட்டினால் கணக்கு கச்சிதமாக வரும். எண்ண முடிகிற பாக்கெட் உணவு பத்திரமானது, எண்ண முடியாத வீட்டுச் சாப்பாடு பயத்துக்குரியது என்று பிள்ளை நினைக்கத் தொடங்கினால், செயலி காக்க வந்ததையே கெடுத்துவிடுகிறது. வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடுவதை ஊக்குவிக்கவும், எடையைப் பற்றிய பேச்சைத் தவிர்க்கவும் அதே மருத்துவக் கழகம் 2016-இலேயே அறிவுறுத்தியிருக்கிறது.

இதைவிட அபாயமானது ஒன்று உண்டு. நாள் முழுக்க 800 கலோரியோடு முடித்துக்கொண்ட பெண்ணுக்கு, இலக்கைத் தாண்டவில்லை என்று திரையில் பச்சைக்குறி தோன்றும். வளரும் உடலுக்குத் தேவையானதில் பாதிகூட இல்லாத அளவு அது. தலைச்சுற்றல், மாதவிடாய் நின்றுபோதல், சாப்பாட்டு நேரத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுதல் என்று உணவுக் கோளாறின் அறிகுறிகள் ஒவ்வொன்றாக வரும்போது, பார்ப்பவர்கள் “இளைச்சுட்டியே, நல்லா இருக்கு” என்று பாராட்டுவார்கள். குண்டாக இருந்த பிள்ளை மெலிந்தால் யாரும் நோயைச் சந்தேகிப்பதில்லை. பசியற்ற நிலை எனப்படும் அனோரெக்ஸியா நெர்வோசா, மனநோய்களிலேயே உயிரிழப்பு மிக அதிகமாக உள்ளவற்றுள் ஒன்று. பிள்ளை சாப்பிடாமல் இருப்பதை முதலில் அறியும் இடத்தில் செயலிதான் இருக்கிறது. அறிந்தும் வாழ்த்துச் சொல்வதைச் சட்டம் அனுமதிக்கக் கூடாது.

இந்தியச் சட்டத்தில் இதற்கு அடித்தளம் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் விவரங்களைப் பெறப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். அவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. மருத்துவமனைகளுக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கும், குழந்தையின் உடல்நலம் காக்கத் தேவையான அளவுக்கு, அவற்றில் விலக்கு உண்டு.

இந்த விலக்கை மத்திய அரசு இறுக்கிப் பிடிக்க வேண்டும். மூன்று வேளையும் என்ன தின்றாய் என்று பிள்ளையைக் கேட்டுப் பதிவுசெய்வது நடத்தைக் கண்காணிப்பே. அதைச் செய்ய விரும்பும் செயலி, பதிவுபெற்ற மருத்துவரின் பெயரை முன்பக்கத்தில் காட்ட வேண்டும். அளவுக்குக் குறைவாகச் சாப்பிடுவது தொடர்ந்தால் அவருக்கும் பெற்றோருக்கும் தகவல் போக வேண்டும். மெலிவதற்கு முன்னும் பின்னும் எடுத்த பிள்ளைகளின் படங்களை விளம்பரமாக்கக் கூடாது. ‘ஆரோக்கியம்’ என்று பெயர் வைத்துக்கொண்டதாலேயே விலக்கு கிடைத்துவிடக் கூடாது.

பள்ளி வாசலிலும் வேலை இருக்கிறது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவைப் பள்ளி வளாகத்திலும் அதன் வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்பது 2020-ஆம் ஆண்டு வந்த உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி. மாலை மணி அடித்ததும் வாசலில் கடை விரிந்திருக்க, அதில் வாங்கித் தின்ற பிள்ளையைச் செயலியில் கணக்கெழுதச் சொல்வது அநியாயம். உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் அந்த 50 மீட்டரை அளந்து பார்க்கும் வேலையை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.