கரித்துண்டும் சாட்சி சொல்லும்



"சூடாக்கும்போது பிணைப்பு உடைந்து தனி உறுப்புகள் உண்டாகின்றன." ரெண்டு மார்க்குக்கு நாம் எல்லோரும் எழுதுகிற வரி இது. அதை யார் பார்த்தது? நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதே என் கட்சி.

1900-இல் கோம்பெர்க், தனி உறுப்பு தனித்து இருக்க முடியும் என்றபோது பல வேதியியலாளர்கள் நம்பவில்லை. 1929-இல் பானெத்தும் ஹோஃபெடிட்ஸும் டெட்ராமெத்தில் ஈயத்தின் ஆவியைக் குழாயில் சூடாக்கினார்கள். குழாயில் சற்றுத் தள்ளிப் படிந்திருந்த ஈயப்பூச்சு மறைந்தது! அதைத் தின்றது சூட்டில் பிறந்த மெத்தில் உறுப்பு. ஆனாலும் இது மறைமுகச் சாட்சிதான்.

நேரடிச் சாட்சி சொல்ல வந்தது இ.எஸ்.ஆர். நிறமாலை. அதற்கு அடிகோலியவர் 1944-இல் கசான் நகரத்து சவோய்ஸ்கி. தனி உறுப்பில் ஜோடி சேராத எலெக்ட்ரான் ஒரு குட்டிக் காந்தம். சுமார் 3400 காஸ் காந்தப்புலத்தில் வைத்து 9.5 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோ அலையை அனுப்பினால் அது உறிஞ்சும். ஜோடி சேர்ந்தவை கம்மென்று இருக்கும். மெத்தில் என்றால் நான்கு கோடுகள், 1:3:3:1 என்ற விகிதத்தில். கைரேகை மாதிரி!

"இதெல்லாம் எம்.எஸ்சி.காரங்க சமாச்சாரம், டிப்ளமாவுக்கு எதுக்குப்பா?" என்கிறார்கள். சூட்டில் பிளாஸ்டிக் மஞ்சளாவதும், எண்ணெய் கெடுவதும் பெரும்பாலும் தனி உறுப்பின் வேலை. நாளைக்கு ஷிப்டில் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கப்போவது நாம்தானே? காரணம் தெரியாமல் வால்வைத் திருகினால் போதுமா?

கருவி வாங்க நமக்கு வசதியில்லை, சரி. சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள 'சைஃப்' மையத்தில் இக்கருவி உண்டு. வெளியார் மாதிரிகளையும் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆய்ந்து தருவார்கள். எண்ணெயில் பிறக்கும் உறுப்புகள் சட்டென்று மறைந்துவிடும். அவற்றைப் பிடிக்கத் தனி மருந்து வேண்டும். ஆனால் விறகு கருகும்போது பிறப்பவை கரிக்குள்ளேயே சிக்கி நெடுநாள் இருக்கும். இண்டூரில் விறகுக்கா பஞ்சம்?

மாணவர் மன்றத்துக்கு என் யோசனை இதுதான். டூர் பணத்தில் கொஞ்சம் ஒதுக்குங்கள். நம்மூர்ப் புளியங்கட்டையை மூடிய க்ரூசிபிளில் 300, 550, 800 டிகிரியில் கருக்கி, மூன்று பொட்டலமாக அனுப்புவோம். சுமார் 550-இல் சமிக்ஞை உச்சம் தொட்டு, பிறகு இறங்கும் என்பது புத்தகக் கணக்கு. நம்ம கட்டை என்ன சொல்கிறது, பார்த்துவிடலாமே! அப்புறம் அந்த ரெண்டு மார்க் வரியைத் தெரிந்தே எழுதலாம்.